லைட்டைப் போட்டால் பெட்ரோல் கூடும் கார்

செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் குனிந்து நின்றிருந்தபோது தற்செயலாக ஆக்சிலேட்டர் கேபிளில் கை பட்டது. சுட்டது. அன்று இன்ஜின் ஒரு தடவைகூட ஓடவில்லை, உள்ளே எல்லாமே ஜில்லென்று இருந்தது, அந்த ஒரு கேபிள் மட்டும் இஸ்திரிப் பெட்டி மாதிரி. இருபது வருடமாக கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். முந்தைய மூன்று நாளும் நான் செய்தது அத்தனையும் தண்டம் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓனர் பல வருடம் ஆசைப்பட்டு, கடைசியில் எல்லா பாகத்தையும் கழற்றி முழு பாடிக்கும் புது பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டிக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று நின்றது. ஆனால் பெயின்ட்டுக்கு முன்னால் இல்லாத நோயெல்லாம் பின்னால் வந்துவிட்டதாம். நாலு தடவை சாவியைத் திருப்பினால் ஒரு தடவைதான் செல்ஃப் சுற்றும், மற்ற மூன்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் பிரேக் லைட் மங்கும், அதோடு மீட்டர் போர்டில் ஏதோ ஒரு விளக்கு லேசாக மினுங்கும். ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "லைட்டைப் போட்டா டேங்க்ல பெட்ரோலும் கூடுது சார், இப்படி ஒரு கார் யாருக்குக் கிடைக்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டுவிட்டேன், அதுதான் தப்பு. நோயின் பெயரையே அவர் சொல்லிவிட்டார், நான்தான் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டேன். டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறியிருந்தால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுகிறது என்றால் இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில், அதுவும் லைட்டைப் போடும்போது மட்டும் கெட்டுப்போகுமா? இரண்டுக்கும் பொதுவான இடம் எது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினேன். மாறவில்லை. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், அதே டிக்.

கேபிள் ஏன் சுட்டது என்பதற்கு வருகிறேன். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டாரின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி, இன்ஜினின் உலோக உடம்பான பிளாக்தான். அதனால் பிளாக்கில் இருந்து, பேட்டரியோடு சேர்ந்திருக்கும் பாடிக்குத் தனியாக ஒரு தடித்த பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை சரியில்லை என்றால் செல்ஃப் இழுக்கும் 150 ஆம்பியர் கரண்ட் சும்மா நின்றுவிடாது, முன்வாசல் அடைத்திருந்தால் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகவாவது போகப் பார்க்கும். பிளாக்கையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் எந்த உலோகமும் அதற்கு வழிதான், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், எதுவானாலும் சரி. அந்த மெல்லிய கம்பி அவ்வளவு கரண்ட்டைத் தாங்குமா? உள்ளே இருக்கும் உறை உருகி ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் அந்தப் பட்டையை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது கரண்டுக்கு எவ்வளவு தடை என்று அளக்கும் இடத்தில் வைத்து, பிளாக்கிலும் பாடியிலும் தொட்டேன், சுழியம் காட்டியது, நல்ல எர்த் என்று நகர்ந்துவிட்டேன். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். ஓம்ஸ் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது துளியூண்டு கரண்ட். பட்டையில் நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். சாதாரண மீட்டரில் தெரியும் மிகச் சிறிய அளவு 0.1 ஓம். 0.01 ஓம் இருந்தால் திரையில் சுழியம்தான். ஆனால் அந்த 0.01 ஓமில் 150 ஆம்பியர் போனால் 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். செல்ஃப் அடிக்கும்போது ஏற்கெனவே பத்துப் பதினொன்றுக்கு இறங்கியிருக்கும் பேட்டரியில் அது பெரிய இழப்பு.

கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பிலேயே வைக்க வேண்டும், மேலே இருக்கும் கிளாம்ப்பில் அல்ல, ஏனென்றால் கொம்புக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலேயே கோளாறு இருக்கலாம். இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால், இரண்டும் எர்த்தானே, சுழியத்தை ஒட்டித்தான் வர வேண்டும். 0.2 வந்தால் பரவாயில்லை. எனக்கு வந்தது 2.8. அப்புறம் ஒவ்வொரு படியாக வைத்துப் பார்த்தேன். கொம்புக்கும் கிளாம்ப்புக்கும் 0.04, கிளாம்ப்புக்கும் பாடிக்கும் 0.15, பாடிக்கும் பிளாக்குக்கும் 2.6. மொத்தத் திருட்டும் அந்த ஒரு இடத்தில்.

பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் புத்தம்புது பெயின்ட், நகம் பட்டால் கோடு விழுமே என்று பயப்படும் அளவுக்கு வழவழப்பு. பட்டையின் முனையில் போல்ட் நுழையும் வளையமான லக் அந்தப் பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பல் வாஷர் இறுக்கும்போது இரண்டு மூன்று இடத்தில் பெயின்ட்டைக் கீறி இரும்பைத் தொட்டிருந்தது, ஓம்ஸ் பார்த்தபோது சுழியம் காட்டியது அந்தக் கீறல்கள்தான். லக்கோ களிம்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. பின்னலை வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் நாலு விரற்கடை தூரம் வரை கருத்திருந்தது, அதைச் சுத்தம் பண்ணிப் பிரயோசனமில்லை என்று புதுப் பட்டையே போட்டேன்.

பெயின்ட்டைச் சுரண்ட ஓனரிடம் கேட்டேன். "செய்யுங்க சார், நான் வெளிய நிக்கிறேன்" என்று போய்விட்டார். லக் உட்காரும் வட்டம் மட்டும், இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை எமரி பேப்பர். அதன் மேல் லக், பல் வாஷர், போல்ட், நன்றாக இறுக்கிய பிறகுதான் சுற்றிலும் வாஸலின். சிலர் முதலிலேயே கிரீஸை அப்பிவிட்டு மாட்டுகிறார்கள். உலோகம் உலோகத்தைக் கடித்துப் பிடித்த பிறகு ஈரம் புகாமல் மூடத்தான் கிரீஸ். போல்ட் இறுகியதும் செல்ஃப் அடித்துப் பார்த்தேன், 0.18. கேபிள் ஜில்லென்றே இருந்தது.

மிச்சம் இருந்த இரண்டும் இதே குடும்பம்தான். இந்த மாதிரிப் பழைய கார்களில் டெம்பரேச்சர், பெட்ரோல் இரண்டு முள்ளுக்கும் மீட்டர் போர்டின் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் சுமார் 10 வோல்ட்டை அளந்து கொடுக்கும். அது அளப்பது தன் எர்த்தை வைத்துத்தான். எர்த் ஒயர் லூசாக இருந்து, அதே ஒயரில் மீட்டர் போர்டு விளக்குகளும் இருந்தால், லைட்டைப் போட்டதும் அந்த எர்த்தே கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்டெபிலைசர் ஏமாந்து கூடுதலாகக் கொடுக்கும், இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். டேங்க்கில் பெட்ரோல் கூடிய கதை இதுதான். பின் விளக்கில் ஹோல்டரின் எர்த் போயிருந்தது. பிரேக்குக்கு 21 வாட், பின் விளக்குக்கு 5 வாட் என்று ஒரே பல்பில் இரண்டு இழை, அதில் பிரேக் இழையின் கரண்ட் வெளியே போக வழியில்லாமல் பக்கத்து இழை வழியாகப் பின்னோக்கிப் போய் மீட்டர் போர்டு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து அரைமணி நேர வேலை.

இரும்பு பாடியாக இருந்ததால் இவ்வளவோடு போயிற்று. 1953-ல் வந்த கார்வெட்டில் இருந்தே அந்த வரிசைக்கு ஃபைபர் கிளாஸ் பாடி, 1962-ல் வந்த லோட்டஸ் எலானும் அப்படித்தான். அதில் பாடி எர்த் என்ற பேச்சே கிடையாது, ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர ஒரு ஒயர் வேண்டும், தேடுவதும் வேறு மாதிரி. இன்னும் சில பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ். எம்ஜிபி 1967 வரைக்கும் அப்படித்தான் வந்தது. அதனால் பழைய கார் எது வந்தாலும் பேட்டரியின் எந்தக் கொம்பு பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பேன்.

கழற்றிப்போட்ட பழைய சென்சாரை வெந்நீரில் முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தேன். சூடு ஏற ஏற ஓம்ஸ் ஒழுங்காக இறங்கியது, ஒரு குறையும் இல்லை. திரும்ப அதையே மாட்டிவிட்டு, புதுசுக்கு வாங்கிய காசை பில்லில் இருந்து அடித்தேன். ஓனர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். பாவம், அவர் அதற்குக் கோபப்படவில்லை. சாயங்காலம் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்து கண்ணாடியை இறக்கி, "பெட்ரோல் இப்போ கூடல சார், கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு" என்றார்.