ஒரு கண்ணுக்கு வாங்கின கையெழுத்து

"ஒரு கண்ணுக்கு மட்டும் எந்த ஊர்லம்மா கன்சென்ட் வாங்குவாங்க?"ன்னு எங்க சீனியர் கேட்டாரு. கோவத்துல கேக்கல, நெசமாவே புரியாமத்தான் கேட்டாரு. நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல, எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, அதான் எழுதியாவது பாப்போம்னு உக்காந்திருக்கேன்.

செத்தவங்க வீட்டுக்குப் போய் கண் தானம் கேக்குற வேலை எனக்கு, இதே வேலை பாக்குறவங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. உசுரு போய் 6 மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுத்தாகணும், நம்ம பக்கத்து வெயிலுக்கு அதுவே ஜாஸ்திதான். போன் வந்த உடனே ஃபேனை நிறுத்தச் சொல்லுவோம், இமையை மூடி ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லுவோம், தலைக்கு ரெண்டு தலகாணி வைக்கச் சொல்லுவோம், அப்புறம் வண்டியில ஏறுவோம். போற வழியெல்லாம் என்ன பேசுறதுன்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு எனக்கு அது கூட ஓடல, ஏன்னா அன்னைக்கு செத்துப்போன ஐயா தானா எழுதிக் குடுத்தவரு. முன்னாடி நான் அவரு வீட்டுக்குப் போய் டிரெஸ்ஸிங் பண்ணிட்டு இருந்தப்பவே என்கிட்ட படிவம் கேட்டு வாங்கி, கட்டில்ல உக்காந்தபடியே கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேரைக் கூப்பிட்டு சாட்சியும் போட வச்சாரு. "செத்தா முடிஞ்சு போச்சு ஆத்தா, வெந்தா ஒரு பிடி சாம்பல், பட்டினத்தார் சொன்னதுதான், சாம்பலுக்கு எதுக்கு கண்ணு?"ன்னாரு. சின்ன வயசுல சுயமரியாதைக் கூட்டத்துக்கெல்லாம் போனவராம். அவரு சம்சாரம் ஆச்சி ஆசைப்பட்டாகன்னு காசிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, 1863-ல இருந்து இருக்கிற நகரத்தார் சத்திரத்துல தங்கிட்டு, ஆச்சி கங்கையில முழுகுறப்ப இவரு படித்துறையில பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததா அவரே சொன்னாரு. அதனால இது கஷ்டமான வீடு இல்லன்னுதான் நெனச்சேன்.

வீட்டு நடு முத்தத்து வளவுல அவரைக் கெடத்தியிருந்தாக. ஃபேன் நின்னு போனதுல கேதத்துக்கு வந்தவுக எல்லாம் விசிறிக்கிட்டு நின்னாக. ஆச்சி தலமாட்டுல உக்காந்திருந்தாக. கண்ணு மேல வச்ச பஞ்சுல இருந்து தண்ணி ஒழுகி காதுப் பக்கம் போகும், ஆச்சி முந்தானையால அதைத் துடைப்பாக, பஞ்சை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு மறுபடி அதே எடத்துல வைப்பாக. நான் பக்கத்துல போய் உக்காந்தேன். யாரு அழைச்சிட்டு வந்ததுன்னு கேக்கல, எதுக்கு வந்தேன்னு தெரியும் அவுகளுக்கு.

"கண்ணை எடுத்துட்டா அவுக எதை வச்சு ஆத்தா பாப்பாக?"

நான் எப்பவும் சொல்றதைச் சொன்னேன். முழுக் கண்ணை எடுக்கிறதில்ல ஆச்சி, முன்னாடி இருக்கிற கருவிழி மட்டும்தான், அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், முகத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது, புரை ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் பரவால்ல, அதுல மாத்தினது உள்ள இருக்கிற லென்ஸ்தான், கருவிழி அப்படியே இருக்குன்னு. ஆச்சி பொறுமையா கேட்டுட்டு, "மூஞ்சி கெட்டுப் போகுமான்னு நான் கேக்கலையே. அங்க போய் எதை வச்சுப் பாப்பாகன்னு கேட்டேன்"ன்னாக.

எங்க டிரெய்னிங்ல முகத்துக்குப் பதில் இருக்கு. கருவிழி ரத்தக்குழாய் இல்லாத எடம், அதனால ரத்த குரூப் பாக்க வேண்டியதில்லன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அடுத்த பிறவியில குருடா பொறப்பாங்களாம்னு யாராவது சொன்னா, அது மூடநம்பிக்கைன்னு பதமா எப்படி எடுத்துச் சொல்றதுன்னு கூட ஒரு பாடம் இருக்கு. ஆனா ஆச்சி கேட்டது அடுத்த பிறவியைப் பத்தி இல்ல. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் குறுக்க வந்து, "காசிக்குப் போய்ட்டு வந்தவுகளுக்கு மறுபிறவி ஏது, அப்புறம் கண்ணு எதுக்குங்கறேன்"ன்னாரு, எனக்கு ஆதரவாத்தான் பேசினாரு. ஆச்சி அவரை நிமிந்து பாத்து, "மறுபிறவி இல்லாட்டிப் போகுது. படைப்புக்கு வருவாகள்ல? பேழையில வேட்டி வைக்கிறோம், எலை போட்டு சோறு படைக்கிறோம், வர்றவுக பேரம்பேத்தியைப் பாக்க வேணாமா?"ன்னாக. படைப்புங்கறது செத்த முன்னோருக்கு வீட்டுல படைக்கிறது. அவரால அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல முடியல. எனக்கும் முடியல. ஒரே வீட்டுக்குள்ள செத்தவரு ஒண்ணுமில்லங்கறாரு, பங்காளி மோட்சம்ங்கறாரு, ஆச்சி வீட்டுக்கு வருவாகங்கறாக, மூணும் ஒண்ணோட ஒண்ணு சேராது, ஆனா மூணு பேரும் ஒரே படைப்புல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவுகதான்.

அப்பத்தான் நான் கண்ணப்பரை எடுத்தேன். எல்லாரும் எடுக்கிறதுதான், கண் தானக் கூட்டம்னா கண்ணப்பர் இல்லாம ஒரு பேச்சு நடக்காது. சாமி கண்ணுல ரத்தம் வந்தப்ப தன் கண்ணையே பிடுங்கி அப்பினாரே ஆச்சி, அதை விடப் பெரிய புண்ணியம் இருக்கான்னு கேட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரொம்ப மெதுவா சொன்னாக: "முதக் கண்ணை வாங்கிக்கிட்ட சாமி ரெண்டாவது கண்ணுக்கு நில்லு கண்ணப்பான்னு கையைப் புடிச்சிருச்சே. நீ ரெண்டையும்ல கேக்குற."

இத்தனை மேடையில அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன், அந்தக் கையைப் புடிச்ச எடத்தை நான் யோசிச்சதே இல்ல. நமக்கு வேண்டியது கண்ணைக் குடுத்த எடம் மட்டும்தான. கதை பூரா தெரிஞ்சவுக ஆச்சி.

"ஒண்ணு எடுத்துக்க. வலது. சாமி வாங்கிக்கிட்டது அதான். இன்னொண்ணை விட்டுரு." அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஒத்தக் கண்ணு இருந்தா வழி தெரியும்ல ஆத்தா?"ன்னு கேட்டாக.

நான் "தெரியும் ஆச்சி"ன்னேன்.

இதுதான் நடந்தது, இதைத்தான் திரும்பத் திரும்ப நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

மகன் ஒத்துக்கல. கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய், "அப்பச்சி ரெண்டு கண்ணும்னுதான எழுதிக் குடுத்தாக, செத்தவுக பேச்சுக்கு மதிப்பு இல்லையா, நான் மகன், நான் கையெழுத்துப் போடுறேன், நீங்க ரெண்டையும் எடுங்க, ஆத்தாவுக்குச் சொல்ல வேணாம்"ன்னாரு. அவரு சொல்றதுல தப்பில்ல. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துலயே எழுதிக் குடுத்தவங்க விருப்பத்துக்கு எடம் இருக்கு, மகன் கையெழுத்து போதும், கண் வங்கியில இருந்து வந்த தம்பியும் பெட்டியோட நின்னுக்கிட்டு மணியைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. இமையை மூடிட்டா உள்ள ஒண்ணு எடுத்திருக்கா ரெண்டு எடுத்திருக்கான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் அது தெரியும். நான் படிவத்துல வலது கண் மட்டும்னு எழுதச் சொன்னேன். மகன் எழுதி கையெழுத்துப் போட்டாரு, அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா காரணம் இருக்கு. அந்தத் தெருவுல நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணும், ஆச்சிக்குத் தெரியாம எடுத்தோம்னு என்னைக்காவது வெளிய வந்தா அப்புறம் ஒரு வீட்டு முகப்புல கூட ஏற முடியாது. அது வேலைக்கான காரணம். அதை விட, ஒரு மனுஷி என் கையைப் புடிச்சு கணக்கா ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்திருக்கு, ரெண்டா எடுத்துட்டு எப்படித் திரும்பிப் போறது? சீனியர் கேட்டதுக்கு நான் சொல்லணும்னு நெனைக்கிற பதில் இதுதான்.

ஆனா அவருக்கும் ஒரு பதில் இருக்கே. அந்த வலது கண்ணு ஒருத்தருக்குப் போச்சு. எடுத்த கருவிழியை இப்ப இருக்கிற மருந்துத் தண்ணியில 14 நாள் வரைக்கும் கூட வைக்க முடியுது, யாருக்குப் போச்சுன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. இடது கண்ணு இன்னொருத்தருக்குப் போயிருக்கும். அந்த இன்னொருத்தர் எங்கயோ ஒரு ஊர்ல தடவித் தடவி நடந்துக்கிட்டு இருக்காரு, அவருக்குப் படைப்பும் தெரியாது கண்ணப்பரும் தெரியாது. ஆச்சியோட நம்பிக்கைக்கு அவரு எதுக்கு வெல குடுக்கணும்? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மனசுக்கு ஆறுதலா 1905-ஐ நெனச்சுக்குவேன். ஜிர்ம்ங்கற டாக்டர் முதமுதல்ல கருவிழி மாத்தி ஜெயிச்சது அந்த வருஷம், சுண்ணாம்பு பட்டு ரெண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு. ரெண்டு கண்ணுலயும் வச்சுப் பாத்தாரு, ஒண்ணுதான் தெளிவா நின்னுச்சு. அந்த ஒத்தக் கண்ணுல இருந்துதான் இன்னைக்கு நாங்க பாக்குற வேலை பூரா வந்துச்சு, 1945-ல எழும்பூர்ல ஆரம்பிச்ச நம்ம நாட்டு முதல் கண் வங்கி வரைக்கும். ஒண்ணுங்கறது கொறைச்சல் இல்லன்னு சொல்லிக்குவேன். அடுத்த நிமிஷமே, அவரு ரெண்டுக்கும்ல முயற்சி பண்ணினாருன்னு தோணும்.

இதெல்லாம் கூட எப்படியோ சமாதானம் ஆயிரும். என்னை விடாம அரிக்கிறது அந்த "தெரியும் ஆச்சி"தான்.

நான் ஆர்.சி. ஞாயித்துக்கிழமை பூசையில "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்"னு சொல்றவ, வாயால மட்டும் சொல்றவ இல்ல, நம்புறேன். செத்தவங்க பாப்பாங்கன்னு நம்புறேன். அப்ப அந்தப் பார்வைக்கு இந்த அரை மில்லிமீட்டர் தோலா வேணும்? நான் நம்புறதை அப்படியே சொல்லியிருந்தா, "ரெண்டும் இல்லாட்டியும் தெரியும் ஆச்சி"ன்னுல சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்லியிருந்தா ஆச்சி ரெண்டையும் குடுத்திருப்பாகளோ என்னவோ. ஒண்ணு இருந்தா போதும்னு நான் சொன்னதுல, ஒண்ணுமே இல்லாட்டி தெரியாதுங்கறதையும் சேத்துல ஒத்துக்கிட்டேன். அப்படிப் பாத்தா இடது கண்ணை நெருப்புக்கு அனுப்புனது ஆச்சியோட நம்பிக்கை இல்ல, என் பதில்.

இல்லன்னும் தோணுது. புருஷன் தலமாட்டுல உக்காந்திருக்கிற ஒரு மனுஷிகிட்ட என் கோயில் நம்பிக்கையைப் புகுத்தி ஒரு கண்ணு கூட வாங்கியிருந்தா அது மட்டும் ஞாயமா? அவுக என்கிட்ட வேதம் கேக்கல, ஒரு தைரியம் கேட்டாக. அவுக நம்பிக்கைக்குள்ள நின்னு ஒரு பதில் சொன்னேன், அதுல பொய் இல்ல. ஐயா ஒண்ணுமில்லன்னு நம்பினவரு, அவரு சொன்னதுதான் நெசம்னா அவருக்கு இதுல நட்டமில்ல, வருத்தப்பட அவரே இல்லயே. ஆச்சி சொல்றதுதான் நெசம்னா அவரு படைப்புக்கு வருவாரு, வந்து "ரெண்டுன்னு எழுதிக் குடுத்தேனே ஆத்தா"ன்னு என்னைத்தான் கேப்பாரு. இப்படி ஒண்ணை நெனச்சா இன்னொண்ணு வந்து நிக்குது.

இப்பல்லாம் நான் கண்ணப்பர் கதையை எடுத்த எடுப்புல சொல்றதில்ல. செத்தவுக எங்க போயிருப்பாகன்னு நீங்க நெனைக்கிறீகன்னு முதல்ல கேட்டுர்றேன். சீனியருக்கு இது புடிக்கல, இருக்கிற 6 மணி நேரத்துல இதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்ங்கறாரு. நேரம் போகுது, உண்மைதான், இதைக் கேட்டதனாலயே பேச்சு வேற எங்கயோ போய் கையெழுத்து கெடைக்காம எந்திரிச்சு வந்த வீடும் உண்டு. இருந்தாலும் கேக்காம இருக்க முடியல, கேக்காம எதுக்கு "தெரியும்"னு சொல்றோம்னு தெரிய மாட்டேங்குது.

என் படிவம் இன்னும் மேசை டிராயர்லயே கெடக்கு. கண்கள்னுதான் எழுதியிருக்கேன், சாட்சிக்கு அம்மா கையெழுத்து மட்டும் பாக்கி. எங்க அம்மாவும் கடைசி நாள்ல எந்திரிக்கிறப்ப உடம்பு முழுசா இருக்கணும்ங்கறவங்கதான். உறுப்பு தானம் நல்ல காரியம்னு போப் இரண்டாம் ஜான் பால் 2000-லயே பேசியிருக்காருன்னு எங்க பங்கு சாமியார் எடுத்துச் சொல்லியும், "போப்பு சொல்லட்டும், நீ என் புள்ள"ன்னுட்டாங்க. ஆச்சிகிட்ட சொன்ன பதில் அம்மாகிட்ட செல்லாது, அவங்க ஒண்ணு ரெண்டுன்னு பேரம் பேச மாட்டாங்க, நான் நெசமா என்ன நம்புறேன்னுதான் கேப்பாங்க. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போறப்ப படிவத்தை எடுத்துட்டுப் போறேன்.