மதர்போர்டு போகலைங்க, சுவிட்சுதான்

புது போர்டு, புது பிராசசர், புது ராம் என்று 15,000 ரூபாய்க்கு மேல் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள் ரிப்பேர் கடையில். அதே கம்ப்யூட்டர் கடைசியில் ஒரு ஒயரை இடம் மாற்றிச் செருகியதும் ஓடிவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடுகிற தறிக்குடோனிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள், உங்களுக்கும் வரும்.

எங்களுடையது பழைய மெஷின்தான். நான்காம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம். கணக்கு எழுதுகிற டேலிக்கும் ஜிஎஸ்டிக்கும் அது தாராளம். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்திய கரண்ட் சாயங்காலம் வந்ததும் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் எதுவும் வருவதற்குள் பொட்டென்று அணைந்துவிடுகிறது. பீப் சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினால் சில நேரம் அதே கதை, சில நேரம் அசைவே கிடையாது. ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனை ரிட்டர்ன் போட 11ஆம் தேதி கடைசி. அந்த மாதத்துக் கூலி பில் மொத்தமும் அதற்குள்தான் கிடக்கிறது.

யுபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் செருகுவது, பவர் கார்டை மாற்றுவது, ராமைக் கழற்றி அழிரப்பரால் துடைத்து மாட்டுவது எல்லாம் செய்தாயிற்று. பலன் இல்லை. கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரப் பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "கரண்ட் போயிட்டு வந்துச்சுங்களாண்ணா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப ஹை வோல்டேஜ் அடிச்சிருக்குங்ணா. மதர்போர்டு போயிருச்சு." நான் கரண்ட் நின்றதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. ஹை வோல்டேஜ் அடித்தால் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி. அதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, "ஃபேன் சுத்துதில்லைங்ளா, அதனால எஸ்எம்பிஎஸ் நல்லாருக்குதுங்" என்று பதில். ஃபேன் சுற்றுவதை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. லோடு ஏறும்போது படுத்துக்கொள்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு நிமிடம் ஃபேனைச் சுற்றத்தான் செய்யும்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. இந்த மாடல் போர்டு புதிதாக வருவதில்லையாம். புது போர்டில் பழைய பிராசசர் உட்காராதாம். பழைய ராமும் சேராதாம். புதுத் தலைமுறை போர்டு என்றால் பிராசசர், ராம் பற்றிச் சொன்னது உண்மைதான், ஆனால் முதல் முடிவு தப்பாக இருந்தால் அத்தனையும் தண்டம். வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அடுத்த முறை போனபோதும் அதே தீர்ப்பு. டேட்டா வேண்டுமென்றால் அதற்குத் தனி சார்ஜ் என்றார்கள். செக்கிங் சார்ஜ் 500 ரூபாய், பில் கிடையாது. கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டேட்டாவுக்கு யாரும் பணம் கொடுக்காதீர்கள். ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி, டிஸ்க்கை யுஎஸ்பியில் செருக உதவுகிற சாட்டா-யுஎஸ்பி கேபிளில் ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டத்தில் மாட்டி, டேலி ஃபோல்டரை எடுத்து ரிட்டர்ன் போட்டாயிற்று. டெஸ்க்டாப்பில் இருப்பது 3.5 இஞ்ச் டிஸ்க் என்றால் தனி அடாப்டரோடு வருகிற கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அடாப்டர் இல்லாத வெறும் கேபிள் லேப்டாப் டிஸ்க்குக்குத்தான், இதில் சுற்றாது.

டிஸ்க்கைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இரண்டு ராம் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மறுபடி கோவை. "டெஸ்ட்டுக்குக் கழட்டுனதுங்ணா, டேபிள்லயே இருந்துருச்சு" என்று டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். டேபிள் எப்போது டிராயர் ஆனது என்று கேட்கவில்லை. ஒரு நாள் வேலை கெட்டது. கடையில் விடும் முன் மூடியைத் திறந்து போனில் ஒரு போட்டோ எடுத்து, அதை அவர்களிடமே காட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியில் சிசிடிவி மாட்டுகிற சொந்தக்காரப் பையன் வந்தான். எனக்கு மாப்பிள்ளை முறை. கையில் எதையும் எடுக்காமல் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு, போனில் நேரம் பார்த்தான். திரும்பத் திரும்ப. "மாமா, ஒவ்வொருக்காவும் கணக்கா நாலு செகண்டுலதானுங் அணையுது. போர்டு போயிருந்தா இப்படி மணி அடிச்ச மாதிரி அணையாதுங்."

கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பவர் பட்டனை நாலு வினாடி அமுக்கிப் பிடித்து அணைப்போம் இல்லையா? பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால், நாம் விரலை எடுத்த பிறகும் போர்டுக்கு அது அமுக்கிப் பிடித்த கணக்குத்தான். அந்த ஒரே அழுத்தத்தில் ஆன் ஆகி, நாலு வினாடியில் ஆஃப் ஆகும். சுவிட்ச் விடுபடாமல் கிடக்கும்வரை அடுத்த அழுத்தம் போர்டுக்குத் தெரியாது. சில நேரம் அசைவே இல்லாமல் கிடந்ததற்கும் இதுதான் காரணம்.

ஆனாலும் அவன் எஸ்எம்பிஎஸ்ஸை விடவில்லை. கனெக்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் சேர்த்ததும் ஃபேன் சுற்றியது. மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் சரியாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பிறகு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, முன்பக்கப் பட்டனிலிருந்து போர்டுக்கு வருகிற இரண்டு ஒயரை உருவினான். அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டான். ஓடியது. அணையவே இல்லை. பட்டனைக் கழற்றினால் தறிப் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பசையாக அப்பியிருந்தது. புது சுவிட்ச்கூட வாங்கவில்லை. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் பின்னில் செருகிவிட்டான். இப்போது ரீசெட்டை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது.

ஓடியும் விண்டோஸ் வரவில்லை, பூட் டிவைஸ் இல்லை என்றது. கடையில் போர்டிலிருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி பயாஸ் செட்டிங், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது போர்டு பார்க்கிற செட்டிங் மொத்தத்தையும் அழித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் விண்டோஸ் பழைய லெகசி முறையில் போட்டது, பயாஸ் யுஇஎஃப்ஐ என்கிற புது முறைக்குத் திரும்பியிருந்தது. திருப்பி மாற்றியதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் ஃபார்மேட் என்று ஆரம்பித்திருப்பார்கள். தேதியையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். தேதி தப்பாக இருந்தால் ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் திறக்காது. ஏதோ வைரஸ் என்று பயந்துபோவீர்கள். பேட்டரி பழசு என்றால் சிஆர்2032 என்று கேட்டு ஒன்று மாற்றிவிடலாம், பெரிய விலை இல்லை.

அந்த 500 ரூபாய்க்குப் பில்லாவது கொடுங்கள் என்று கடைக்குப் போன் செய்தேன். ஓனர் வெளியே போயிருக்கிறாராம்.