வெங்காய வளையமும் டோனி சோப்ரானோவும்

ஹோல்ஸ்டன்ஸ் நியூ ஜெர்சியின் ப்ளூம்ஃபீல்டில் 1939இலிருந்து இருக்கும் ஐஸ்கிரீம், மிட்டாய்க் கடை. வெளியூர்க்காரர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்பது என்னவோ வெங்காய வளையம்தான். 2007இல் 'த சோப்ரானோஸ்' என்ற மாஃபியா தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியை எடுத்த இடம் இது. கதவு மணி அடிக்கும், மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோவாக நடித்த ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி நிமிர்வார், திரை சட்டென்று இருண்டுவிடும். அவர் உட்கார்ந்த இருக்கையை 2024இல் ஏலம் விட்டார்கள். 82,600 டாலருக்குப் போனது. இப்போது இருப்பது புதுசு. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருந்தேன், வேறென்ன! அந்தக் காட்சியில் டோனி குடும்பத்தார் செய்வதுபோலவே வளையத்தை முழுசாக வாயில் போட்டேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

அங்கிருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் கேண்டோல்ஃபினி வளர்ந்த பார்க் ரிட்ஜ். ரயில் நிலையம், மரங்கள், வாசலில் புல்தரையோடு வீடுகள். சத்தமே இல்லாத ஊர். 1961இல் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை. அம்மா பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு நியூயார்க்கில் இரவு விடுதிகளில் வேலை பார்த்தவரை ஒரு நண்பர் நடிப்பு வகுப்புக்கு இழுத்துப்போனார். அந்தக் காலத்துக் கதை ஒன்றை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆசிரியை சொல்லிவைத்தபடி கூட நடித்தவர் சீண்ட, இவர் வெடித்து அங்கிருந்ததையெல்லாம் போட்டு உடைத்தாராம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவது இதைத்தான் என்றாராம் அந்த ஆசிரியை.

1992இல் நியூயார்க்கின் பிராட்வே நாடகமேடையில் சின்ன வேடம், அடுத்த வருஷம் 'ட்ரூ ரொமான்ஸ்' படத்தில் கொலைகாரன். டோனி சோப்ரானோவாக 1999இல் வீட்டுத் திரையில் வந்தபோது வயது 37. மொத்தம் 86 பகுதிகள், தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் மூன்று. எல்லோரும் அவர் கோபத்தைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய மூச்சுதான் நடிப்பு. தொடரில் மனநல மருத்துவர் முன்னால் கால்களை அகட்டி உட்கார்ந்து, பதில் சொல்வதற்கு முன் மூக்கால் இழுத்து விடுவாரே, அதைக் கேளுங்கள். கத்தப்போகிறாரா அழப்போகிறாரா என்று நமக்கும் தெரியாது, டோனிக்கும் தெரியாது.

2013 ஜூனில் ரோமில் மாரடைப்பால் இறந்தார். வயது 51 தான். அந்த வருஷ டிசம்பரில் பார்க் ரிட்ஜ் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. பக்கத்து மான்ட்வேலில் பார்க்வே ஓய்விடத்துக்கும் பிற்பாடு அதே பெயர். காபிக்கும் கழிப்பறைக்கும் வண்டிகள் ஒதுங்கும் இடம். விமான நிலையத்துக்கு வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது என்று தோன்றியது. வேலை முடிந்து அலுப்போடு வீடு திரும்புகிற ஆள் முகம் அல்லவா அது!

லோடாயில் அந்தத் தொடரில் டோனி கூட்டத்தின் இரவு விடுதியாகக் காட்டிய பாருக்கு நான் போகவில்லை. இரவு அறையில் 'இனஃப் செட்' பார்த்தேன். அவர் இறந்த சில மாதங்களில் வெளியான படம். அதில் அவர் விவாகரத்தான, கூச்ச சுபாவக்காரர். விருந்தில் காதலி எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்துகொண்டே போகிறாள். டோனியாக இருந்தால் மேஜை பறந்திருக்கும். இவர் திரும்பி வரும் வழியில், முன்னாள் மனைவியோடு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்கிறார்.