கொக்கியை எங்கே மாட்டுவது?

உயரத்தில் வேலை என்றாலே எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உடம்பில் மாட்டிக்கொள்கிற, கயிறும் கொக்கியும் கொண்ட பாதுகாப்பு பெல்ட்தான் ஞாபகம் வரும். ஆடிட் என்று தகவல் வந்தால் ஸ்டோரிலிருந்து புது பெல்ட்டுகள் மேலே ஏறும், போட்டோ எடுத்ததும் இறங்கிவிடும். சென்னையைச் சுற்றி அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் இன்ஜினீயராக வேலை பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பெல்ட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அது தொழிலாளி கையில் இல்லை, டிராயிங்கை வைத்திருக்கிற நம் கையில் இருக்கிறது.

ஸ்லாப் ஓரத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொக்கியை ஏன் மாட்டவில்லை என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அவர் நிதானமாகக் கேட்டார், "போட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கேன். எங்க மாட்டுறதுன்னு சொல்லுங்க." சுற்றிப் பார்த்தால் தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே ப்ளைவுட், பக்கத்தில் நெட்டுக்கு நிற்கிற தூண் கம்பிகள். "அதுல மாட்டுப்பா" என்று சூப்பர்வைசர் காட்டியது அந்தக் கம்பியைத்தான். நிற்கிற கம்பியில் மாட்டினால் கொக்கி சரிந்து காலடிக்கு வந்துவிடும். அப்புறம் ஆள் விழுந்தால் கயிற்றின் நீளத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் போன பிறகுதான் அது பிடிக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சியை வாங்குகிற மடிப்புப் பட்டை பிரிந்தால் 1.75 மீட்டர் வரை நீளும். பெல்ட்டில் கயிறு சேர்கிற முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கூடவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நம் ஊர் மாடி உயரம் 3 மீட்டர்தான். முதல் ஸ்லாபில் நிற்கிறவர் காலடியில் மாட்டியிருந்தால், பட்டை முழுசாகப் பிரிவதற்குள் தரையைத் தொட்டிருப்பார். 3 மீட்டர் விழ ஒரு விநாடிகூட ஆகாது, வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் வரும். அந்த உயரத்துக்கு விடை ஓரத்தில் கைப்பிடி, இல்லையென்றால் வெளியே பலகை போட்ட சாரம்.

சேஃப்டி ஆபீசர் பார்த்துக்கொள்வார் என்பதும் சரிப்படாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-இன் மத்திய விதிகளில் 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால்தான் அவர் கட்டாயம் என்று இருந்தது. 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைக் கட்டுமானத்துக்கு 250 ஆக்கியது. ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கிற பார்க்கிங் தளம்) ஐந்து மாடியும் எழும்புகிற இடத்தில் மொத்தமே நாற்பது ஐம்பது பேர்தான். அங்கே அந்த வேலையும் இன்ஜினீயர் தலையில்தான். பிரிட்டனில் 1994-லேயே, டிசைன் செய்கிறவர்களே கட்டும்போது வரக்கூடிய ஆபத்தை யோசித்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டிடம் இதைப் பேசினால் சிலர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நான் கண்ணால் பார்த்த விபத்து ஒன்று. பைப்புகள் மாடிக்கு மாடி ஏறுகிற பிளம்பிங் டக்டுக்காக ஸ்லாபில் விட்ட திறப்பை ஒரு ப்ளைவுட்டால் மூடியிருந்தார்கள். ஆணி இல்லை, மேலே எழுதியிருக்கவும் இல்லை. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குகிற பலகை அடைப்பு) வேலையின் உதவியாள் பையன் பலகை தேவைப்பட்டு அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கினான். பலகை முகத்தை மறைத்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தான், அவ்வளவுதான். கீழ் மாடியில் மணல் கொட்டியிருந்ததால் மணிக்கட்டு முறிவோடு தப்பினான். ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு இந்த வார்த்தை மேல் தீராத கோபம் உண்டு. அதை எழுதிவிட்டால் ஃபைல் மூடிவிடும், திறப்பு மூடாது.

அதற்குப் பிறகு டக்டுகளில் கம்பி வலையை வெட்டுவதை நிறுத்தினோம். ஸ்லாபின் கம்பி திறப்புக்குள்ளும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் அப்படியே ஓடும், கான்கிரீட் மட்டும் விழாது. திறப்பைச் சுற்றிப் பெட்டி அடிக்கிற கார்பென்டர் பலகையில் கம்பி போகப் பள்ளம் வெட்ட வேண்டும், முதலில் முணுமுணுத்தார். பைப் ஏறுகிற அன்றைக்கு அந்த மாடியில் மட்டும் பிளம்பர் வெட்டிக்கொள்வார். அவரும் முணுமுணுத்தார். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் 8 எம்எம் கம்பி. அதேபோல ஸ்லாப் ஓரத்தில் கான்கிரீட் போடும்போதே பைப் துண்டுகளைப் புதைத்துவிட்டோம். சென்ட்ரிங் பிரித்ததும் அதில் கம்பத்தைச் சொருகினால் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, சாமான் உருண்டு கீழே விழாமல் இருக்க அடியில் 15 சென்டிமீட்டர் பலகை.

சாரம் கட்டும் நாளைவிடப் பிரிக்கும் நாளில்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஜன்னலுக்கு அளவெடுக்க வருகிற அலுமினியம்காரர், தனக்கு இடைஞ்சல் என்று சாரத்தைச் சுவரோடு பிடிக்கிற கட்டுகளை அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மேலே ஏறிப் பிரிக்கிறவருக்கு அது தெரியாது. அந்தக் கட்டுகளை அவிழ்க்கச் சாரம் கட்டுகிறவரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்று வைத்தோம். இன்னொன்று, பெல்ட் பிடித்துத் தொங்குகிற ஆளை யார் இறக்குவது? அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்பு வண்டி வரும் வரை காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை. ஏணியும் கயிறும் எங்கே இருக்கின்றன என்று மேஸ்திரிக்கும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கும் தெரிய வேண்டும், அதுவும் அவர்கள் மொழியில்.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கும். டெண்டரில் 'பாதுகாப்பு ஏற்பாடுகள் உட்பட' என்று ஒரு வரி இருக்கும். அதற்குத் தனி விலை கிடையாது என்பதால் காண்ட்ராக்டர் முதலில் கை வைப்பதும் அதில்தான். கைப்பிடியை மீட்டர் கணக்கில் தனி ஐட்டமாகப் போட வைத்தோம், நிற்கிற மீட்டருக்குத்தான் காசு. முதல் பில்லில் க்ளையன்ட் தரப்பு இன்ஜினீயர் அந்த வரியை அடிக்கப் பார்த்தார். "வாங்க சார், அளந்துடலாம்" என்று டேப்போடு ஐந்தாவது மாடி ஓரத்துக்குக் கூட்டிப்போனோம். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் அளந்தார். கீழே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.