கரண்டை கட் பண்ணா கடத்தல் நின்னுடுமா?

தாய்லாந்து எல்லையில மே சோட்னு ஒரு ஊர், அதுக்கு எதிர்க்கரையில மியான்மரோட மியாவாடி, நடுவுல மோய்னு ஒரு சின்ன ஆறு. அந்தக் கரையிலதான் கேகே பார்க், ஷ்வே கொக்கோ மாதிரி ஸ்கேம் காம்பவுண்டு எல்லாம், அதாவது ஆளுங்களை அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வைக்கிற இடங்க. டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்னு பாங்காக்குக்கு வரவச்சு, அங்கிருந்து கார்ல கூட்டிட்டுப் போய் ஆத்தை தாண்ட வச்சு, பாஸ்போர்ட்டை பிடுங்கிட்டு, ஃபேக் ஐடில லவ் பண்றதும் கிரிப்டோல பணம் போட வைக்கிறதும்தான் வேலைன்னு உக்கார வச்சுடுவானுங்க, முடியாதுன்னா அடி. 2022லயே நம்ம தமிழ்நாட்டு பசங்க அங்க மாட்டி வீடியோ அனுப்பினது ஞாபகம் இருக்கும். இப்படி மாட்டினவங்க பத்தி 2023ல ஐநா சொன்ன கணக்கு மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியால ஒரு லட்சம்.

இவ்ளோ நடந்தும் தாய்லாந்து சூடாகலை. 2025 ஜனவரில வாங் சிங்னு ஒரு சீன நடிகர் அதே ரூட்ல கடத்தப்பட்டதும்தான், டூரிஸ்ட் வர்றது போயிடும்னு பயம் வந்து, பிப்ரவரில எல்லை தாண்டிப் போற கரண்ட், டீசல், இன்டர்நெட் எல்லாத்தையும் கட் பண்ணாங்க. அவனுங்க என்ன பண்ணானுங்க? ஜெனரேட்டர், மாடி மேல ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட். ஆனா அந்த பிரஷர்ல 7,000 பேருக்கு மேல வெளிய விட்டாங்கங்கறதும் உண்மை, நம்ம ஆளுங்க 549 பேர் மார்ச்ல விமானப்படை விமானத்துல வந்தாங்க.

ஆனா அவங்களை வெளிய விட்டது யாருன்னு பாருங்க, அங்கதான் கூத்து. சா சிட் துன்னு ஒருத்தர், அந்த எல்லைப்பக்க கேரன் இனக்குழுவோட ஆயுதப்படைத் தலைவர், 2010ல மியான்மர் ராணுவத்தோட சேர்ந்து எல்லைக் காவல் படை ஆனவர். இந்த கும்பலுங்களுக்கு நிலத்தை லீசுக்கு விடுறது, கரண்ட் விக்கிறது, காவல் குடுக்கிறது எல்லாம் இவரோட படைதான்னு சொல்லி 2025 மே மாசம் அமெரிக்கா தடை போட்டுச்சு. அதே படை 'மீட்பு' பண்ணி ஆளுங்களை ஒப்படைக்குது! அக்டோபர்ல மியான்மர் ராணுவம் கேகே பார்க்ல ரெய்டுன்னு போட்டோ போட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, இத்தனை வருஷம் அந்த பில்டிங் எல்லாம் கண்ணுல படலையாம்.

என்னைக் கேட்டா பில்டிங்கை இடிக்கிறதால பெருசா ஒண்ணும் ஆகாது, ஆளு பக்கத்து ஊருக்கு போயிடுவான். காசு மேல கைவச்சாதான் வலிக்கும். அதே 2025 அக்டோபர்ல, கம்போடியால இதே மாதிரி ஸ்கேம் காம்பவுண்டு நடத்தினதா சொல்லி பிரின்ஸ் குரூப் கம்பெனித் தலைவர் சென் ஷி மேல அமெரிக்கா கேஸ் போட்டு, 1,27,271 பிட்காயினை பறிமுதல் பண்ணக் கேட்டுச்சு, அன்னைக்கு ரேட்டுல கிட்டத்தட்ட 1,500 கோடி டாலர் (கம்பெனி குற்றச்சாட்டை மறுத்துச்சு). பிரிட்டனும் சேர்ந்து தடை போட்டு லண்டன் சொத்தை முடக்குச்சு. கரண்ட் கட்டை விட இதுதான் சரியான அடி, ஆனா இது வர இவ்ளோ வருஷமா?

இன்னொண்ணு. திரும்பி வர்ற பசங்களை அக்யூஸ்ட் மாதிரி பாக்கிறது எனக்கு பிடிக்கலை. எல்லாரும் அப்பாவின்னு சொல்லலை, தெரிஞ்சே போனவனும் உண்டு, அதை விசாரிச்சு பிரிக்கத்தான் வேணும். ஆனா ஆள்கடத்தலைத் தடுக்க ஐநா 2000ல கொண்டுவந்த பாலெர்மோ ஒப்பந்தப்படி ஏமாத்தி கூட்டிட்டுப் போனா 'அவனே சம்மதிச்சுதான வந்தான்'ங்கிற பேச்சுக்கே இடமில்ல, இந்தியாவும் 2011ல அதை ஏத்துக்கிச்சு. பிடிக்க வேண்டியது கமிஷன் வாங்கிட்டு அனுப்பி வச்ச உள்ளூர் ஏஜென்டை, அவனைப் பிடிக்க சர்வதேச மாநாடு எல்லாம் தேவையில்ல, நம்ம ஊர் போலீஸே போதும்.

உங்க வீட்ல யாராவது தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ்னு கிளம்பினா ஏஜென்ட் பேர் மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல பதிவாகி இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. டூரிஸ்ட் விசால போங்க, அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னான்னா, டிக்கெட்டே அவன் காசுல போட்டாலும் அனுப்பாதீங்க.