சேர்வராயனுக்கு ஒரு வேட்டி

அம்மா போனபின் ஒரு வருஷம் நாங்கள் மலைக்கோயில் எதுவும் ஏறவில்லை. தலைத் திதி கொடுத்த மறு ஞாயிறு நானும் தங்கச்சியும் சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைச்சாமி சேர்வராயன் கோயிலுக்கு பஸ் ஏறினோம். மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு வெண்பட்டு வேட்டி.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அம்மா பாதி நெய்த பாவு, தறியில் ஏற்றிய நெடுக்கு நூல், அப்படியே நின்றது. அப்பா முன்பே போய்விட்டார். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எங்களுக்கு அது நின்ற பிறகு ராத்திரியில் தூக்கமே பிடிக்கவில்லை. காரியம் முடிந்து ரெண்டு மாசம் கழித்து, ஒருநாள் விடிகாலையில் தங்கச்சி குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். நான் குறுக்கே ஓடும் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தேன். இழை அறுந்து அறுந்து, முதல் சாண் கரை இழுத்துக்கொண்டு கோணலாக வந்தது. அம்மா விட்ட இடமும் இவள் தொட்ட இடமும் விரல் வைத்தாலே தெரியும்.

"இத யாரு வாங்குவாங்க, அக்கா?"

"விக்க வேண்டாம். சேர்வராயனுக்குச் சாத்திரலாம்." நெய்ய நூல் கொடுத்த முதலாளிக்கு அந்தப் பணத்தைக் கட்டிவிட்டோம்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. தங்கச்சிக்குக் குமட்டும் என்று அம்மா எப்போதும் எலுமிச்சம்பழம் எடுத்து வருவாள். இந்தத் தடவை நான் எடுத்து வந்திருந்தேன்.

கோயில் 5,300 அடிக்கு மேலே, மலையுச்சியில். மேலே மைதானம் மாதிரி சமதரை, ஆளைத் தள்ளுகிற காற்று. குகைக்குள் குனிந்துதான் போகவேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பார்கள் பெரியவர்கள். சின்ன வயதில் அம்மா எங்கள் தலையில் கை வைத்து அழுத்திக் கூட்டிப்போவாள், பாறை இடித்துவிடக் கூடாதென்று.

பூசாரி வேட்டியைப் பிரித்தார். கோணல் கரை முன்னால் வந்தது.

"சாமி, அந்தப் பக்கத்த உள்ள மடிச்சிருங்க" என்றாள் தங்கச்சி.

"இருக்கட்டும் கண்ணு" என்று அப்படியே சாத்தினார்.

தீபாராதனை வெளிச்சத்தில் அந்த ஒரு சாண் கரையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவள் விம்மினாள். அம்மா போன அன்றுகூட அழாதவள். சேர்வராயா, இதற்குத்தான் எங்களை வரச் சொன்னாயா என்று கும்பிட்டேன்.

இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த பாவு எப்போது ஏற்றலாம், கரை எந்தக் கலரில் போடலாம் என்று. எலுமிச்சம்பழம் கடைசி வளைவு வரை என் கையிலேயே இருந்தது.