வரைபடத்தின் மேல் ஒரு கை

இன்று மதியம் பார்த்த காணொளியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. விரித்துவைத்த வரைபடத்தின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே போகிறது. முகம் இல்லை. குரல் மட்டும்.

மொராக்கோவில் பிறந்த கலைஞர் புஷ்ரா கலிலி 2008 முதல் 2011 வரை உருவாக்கிய படைப்பு அது. எட்டுத் திரைகள், எட்டுப் பேர். உரிய காகிதங்கள் இல்லாமல் எல்லை தாண்ட நேர்ந்தவர்கள். தாங்கள் போன வழியை அவர்களே வரைந்து சொல்கிறார்கள்.

அல்ஜீரியாவிலிருந்து கடல் கடந்து பிரான்சின் மார்செய் வரை நீளும் கோடும் இருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது மிகச் சிறிய கோடுதான்.

ரமல்லாவில் வாழும் பாலஸ்தீன இளைஞன். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஜெருசலேமில் இருக்கிறாள். சுமார் 15 கிலோமீட்டர். இஸ்ரேலின் சோதனைச் சாவடிகளுக்குத் தப்பி, சுற்றி வளைத்து, ஒளிந்து ஒளிந்து போகிறான்.

ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வருவதற்கு இத்தனை சுற்றா!

அவன் குரலில் அழுகை இல்லை. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

செய்திகளில் இவர்கள் கூட்டமாக, எண்ணிக்கையாக, கவிழ்ந்த படகாக வருகிறார்கள். யாரோ அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கே பேனா அவர்கள் கையில் இருக்கிறது. அரசுகள் வகுத்த எல்லைக்கோட்டின் மேலேயே தங்கள் கோட்டை அழுத்தி வரைகிறார்கள்.

இதே பயணங்களைக் கலிலி பின்னர் நீலப் பின்னணியில் நட்சத்திரக் கூட்டங்களாக அச்சிட்டார். ஊர்கள் புள்ளிகளாக மின்னுகின்றன. நாடுகளின் எல்லைகள் அங்கே இல்லை.

பள்ளிகளில் புவியியல் வகுப்பின் முதல் நாளிலேயே இதைக் காட்டலாம் என்று தோன்றுகிறது.